இணைய வேகத்தைப் பங்கு பிரிப்பது யார்?

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் மாலை ஏழு மணிக்குப் பிறகு இணையம் இழுபடத் தொடங்கினால், லிஃப்ட் வாசலில் ஒரே கதைதான். "கம்பனிக்காரன் எங்கட லைனைப் பக்கத்து வீட்டுக்கும் பிரிச்சுக் குடுத்திட்டான்" என்பார் ஒருவர். "மேல் மாடியில ஆரோ டவுன்லோட் போடுறாங்கள், அதுதான் எங்களுக்கு வாறதில்லை" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கூடிய வேகப் பக்கேஜுக்கு மாறச் சொல்வார். மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றுக்கும் அடியில் பிழையான படம் ஒன்று இருக்கிறது. எங்கேயோ ஓர் அறையில் ஒரு பெரிய இயந்திரம் இருந்துகொண்டு வேகத்தை அளந்து ஆளாளுக்கு ஊற்றுகிறது என்ற படம்.

இணையம் முழுவதற்குமான அப்படி ஓர் இயந்திரம் கிடையாது. உங்கள் பக்கேஜின் உச்ச வேகத்தைக் கம்பனி தீர்மானிக்கிறது, சரி. கைத்தொலைபேசிக் கோபுரம் தன் கீழுள்ள போன்களுக்கு முறை வைத்து நேரம் ஒதுக்குகிறது, அதுவும் சரி. ஆனால் கொழும்பிலிருந்து கடலடிக் கேபிள் வழியாக இன்னொரு கண்டத்துக்குப் போய்வரும் ஒரு பாதையில், இலட்சக்கணக்கான பேரின் தரவு ஒன்றாகக் கலந்து ஓடும்போது, யாருக்கு எவ்வளவு என்று பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தந்தத் தரவை அனுப்பும் கணினிதான். அது தானாகவே தன்னை அடக்கிக்கொள்கிறது. அந்த அடக்கத்துக்கான விதிகளைத்தான் நெரிசல் கட்டுப்பாட்டு அல்கொரிதம் என்கிறோம். அல்கொரிதம் என்றால் ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்வதற்கான எழுதிவைத்த முறை, அவ்வளவுதான்.

முதலில் புறக்கோட்டைக்குப் போவோம்

கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டையில், இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி யாழ்ப்பாணம் போகும் லொறிக்கு ஆயிரம் பெட்டி அனுப்ப வேண்டும். லொறி நிற்பது நாலு தெரு தள்ளி. சுமை தூக்கும் நாட்டாமைமார் கைவண்டியில் பெட்டி பெட்டியாகத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். லொறியடியில் நிற்கும் பையன் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு துண்டில் கையெழுத்து வைத்துக் கொடுத்தனுப்புகிறான். முதலாளி கல்லாவை விட்டு எழும்புவதில்லை. தெருவில் எவ்வளவு சனம், எந்த மூலையில் எந்த வண்டி குறுக்கே நிற்கிறது, ஒன்றும் அவருக்குத் தெரியாது. திரும்பி வரும் துண்டுகள் மட்டும்தான் தெரியும்.

இணையத்தில் ஒரு வீடியோவோ கோப்போ முழுசாகப் போவதில்லை. பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேற்படாத சின்னத் துண்டங்களாக வெட்டப்பட்டுப் போகிறது. அந்தத் துண்டத்துக்குப் பெயர் பொதி. பொதி வந்து சேர்ந்ததும் பெறும் கணினி திருப்பி அனுப்பும் கையெழுத்துத் துண்டுக்குப் பெயர் ஒப்புகை. தெருச் சந்திகளில் நின்று பொதியை அடுத்த தெருவுக்குத் திருப்பிவிடும் பெட்டிதான் ரவுட்டர். ஒரு பாதை ஒரு செக்கனில் எவ்வளவு தரவைக் கடத்தும் என்பது அதன் பட்டையகலம். அனுப்புபவரும் பெறுபவரும் பொதிகளை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கக் கைக்கொள்ளும் விதித்தொகுப்பின் பெயர் டி.சி.பி.

வழியில் எங்கேயாவது மிக ஒடுங்கிய இடம் ஒன்று இருக்கும். அதை இடுக்கு என்போம். இடுக்குக்கு முன்னால் ரவுட்டர் பொதிகளை வரிசையில் நிறுத்திவைக்கும். வரிசை நிரம்பிவிட்டால், அடுத்து வரும் பொதியை அது எறிந்துவிடும்.

இந்த இடத்தில் புறக்கோட்டை உவமை ஒத்துவராது. எந்த நாட்டாமையும் தெரு நெருக்கமாக இருக்கிறது என்று சரக்கை வீசமாட்டார். ரவுட்டர் வீசும். இது பழுது அல்ல. வடிவமைத்தவர்கள் தெரிந்தே வைத்த நடத்தை. பொதி தொலைந்தால் ஒப்புகை வராது, ஒப்புகை வராவிட்டால் அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். அதோடு, பாதை நிரம்பிவிட்டது என்ற செய்தியும் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். "பக்கெட் லொஸ்" (பொதி தொலைதல்) என்று கேட்டதுமே லைன் பழுது என்று பயப்படுகிறோம். கொஞ்சம் தொலைவது, நெரிசல் தன்னைச் சொல்லிக்கொள்ளும் மொழி.

இதுவரை பார்த்தது: அனுப்புபவருக்குத் தெரு தெரியாது. திரும்பிவரும் ஒப்புகைகளை வைத்துத்தான் அவர் நெரிசலை ஊகிக்கிறார்.

1986இல் நடந்த மறியல்

ஆரம்ப காலத்தில் இந்த ஊகம் சரியாகச் செய்யப்படவில்லை. ஒப்புகை வரத் தாமதமானால், பொதி தொலைந்துவிட்டது என்று நினைத்துக் கணினி அதையே மறுபடி அனுப்பியது. உண்மையில் அந்தப் பொதி தொலையவில்லை, நீண்ட வரிசையில் நின்றுகொண்டிருந்தது. துணிக்கடை முதலாளி துண்டு வரவில்லை என்று அதே சரக்கை இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் ஏற்றி அனுப்பினால் தெரு என்னவாகும்? ஏற்கனவே நெருக்கமான தெருவில், போகத் தேவையே இல்லாத வண்டிகள் வந்து நிரம்பும். துண்டு இன்னும் தாமதமாகும். அவர் இன்னும் அனுப்புவார். எல்லாக் கடைக்காரரும் இதையே செய்வார்கள்.

இப்படி நடக்கலாம் என்று ஜோன் நேகல் என்ற கணினிப் பொறியியலாளர் 1984இல் எழுதி எச்சரித்திருந்தார். 1986 ஒக்டோபரில் அது நடந்தது. கலிபோர்னியாவில் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் ஏறத்தாழ 360 மீற்றர்தான். அந்த இணைப்பின் வேகம் செக்கனுக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. எண்ணூறில் ஒரு பங்கு. கம்பி அறுந்திருக்கவில்லை, இயந்திரங்களும் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. எல்லோரும் அவசரப்பட்டதால் ஒருவருக்கும் ஒன்றும் போய்ச்சேரவில்லை. இதற்கு நெரிசல் வீழ்ச்சி என்று பெயர்.

அந்த ஆய்வுகூடத்தில் இருந்த வான் ஜேக்கப்சன், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கேரல்ஸ் என்பவருடன் சேர்ந்து இதற்கு மருந்து தேடினார். 1988இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் விதிகள்தான் இன்றைக்கும் அடித்தளம். எனக்கு அதில் பிடித்தது, ரவுட்டர்களில் கைவைக்காமலே அவர்கள் இதைச் சாதித்தது. அனுப்பும் கணினியின் நடத்தையை மட்டும் மாற்றினார்கள்.

மெல்ல ஏறு, சட்டென்று இறங்கு

புதிய விதியின் மையம் ஒரு எண். ஒப்புகை வராமல் தெருவில் இருக்கக்கூடிய பொதிகளின் உச்ச எண்ணிக்கை அது. அதற்கு நெரிசல் சாளரம் என்று பெயர். சாளரம் பத்து என்றால், பத்துப் பெட்டி வெளியே போயிருக்கலாம். ஒரு துண்டு திரும்பினால்தான் அடுத்த பெட்டி வெளிக்கிடலாம். வேகத்தைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் இந்த எண்ணைக் கூட்டிக் குறைப்பதுதான்.

தொடக்கத்தில் அனுப்புபவருக்குப் பாதையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் ஏறத்தாழ 10 பொதியில் ஆரம்பிக்கிறார். அவை பத்திரமாகப் போய்ச்சேர்ந்தால் அடுத்த சுற்றில் 20, பிறகு 40, 80 என்று இரட்டிக்கிறார். இதற்கு மெல்லத் தொடங்கல் என்று பெயர். இரட்டிப்பது எப்படி மெல்ல ஆகும் என்று கேட்பீர்கள். அதற்கு முந்திய கணினிகள் எடுத்த எடுப்பிலேயே முழுவதையும் கொட்டின. அதோடு ஒப்பிட்டால் இது மெல்லத்தான். ஒரு வலைப்பக்கம் திறக்கும்போது முதலில் ஒரு கணம் தயங்கிப் பிறகு மளமளவென்று நிரம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு கட்டத்துக்குப் பிறகு இரட்டிப்பை நிறுத்தி, சுற்றுக்கு ஒரு பொதி என்று சாளரத்தைக் கூட்டுகிறார். பொதி தொலைந்தால் சாளரத்தைப் பாதியாக வெட்டுகிறார். மறுபடி ஒவ்வொன்றாக ஏறுகிறார். பதிவிறக்க வேகத்தை வரைபடமாகப் பார்த்தால் மரம் அறுக்கும் வாளின் பல் போலத் தெரிவது இதனால்தான். ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்குவது கோளாறு இல்லை. எவ்வளவு தாங்கும் என்று அது ஓயாமல் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பாதியாக வெட்டினால் சமம் வருவது எப்படி?

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் அழகாகப் படும் இடம் இதுதான். ஆறுதலாகப் பாருங்கள்.

செக்கனுக்கு 10 மெகாபிட் கடத்தும் இடுக்கு ஒன்றை இரண்டு பேர் பகிர்கிறார்கள். கமலா முன்பே தொடங்கிவிட்டதால் 8 எடுக்கிறார். பிறகு வந்த ரவிக்கு 2. வித்தியாசம் 6. பாதை நிரம்பி இருவருக்கும் பொதி தொலைகிறது. இருவரும் பாதியாக வெட்டுகிறார்கள். கமலா 4, ரவி 1, வித்தியாசம் 3. இப்போது 5 மெகாபிட் இடம் காலியாக இருக்கிறது. இருவரும் ஒரே அளவாக ஏறுகிறார்கள், ஆளுக்கு 2.5. கமலா 6.5, ரவி 3.5. வித்தியாசம் அதே 3. மறுபடி நிரம்புகிறது, மறுபடி வெட்டு. 3.25, 1.75. ஏறியதும் 5.75, 4.25. வித்தியாசம் 1.5. அடுத்த சுற்றில் 0.75.

ஒரே அளவு கூட்டும்போது வித்தியாசம் மாறுவதில்லை. பாதியாக வெட்டும்போது வித்தியாசமும் பாதியாகிறது, ஏனென்றால் அதிகம் வைத்திருப்பவர் அதிகம் இழக்கிறார். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் இருவரும் ஐந்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். கமலாவுக்கு ரவி இருப்பதே தெரியாது. இருவரும் கதைத்துக்கொள்ளவில்லை, நடுவர் வைக்கவில்லை, ஒரே விதியைக் கைக்கொண்டார்கள்.

வேறு விதமாகச் செய்து பாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே அளவு கூட்டிக் குறைத்தால் 6 என்ற வித்தியாசம் அப்படியே கிடக்கும். இரண்டையும் பெருக்கலாகச் செய்தால் கமலா எப்போதும் ரவியைப் போல நான்கு மடங்காகவே இருப்பார். கூட்டி ஏறி, வகுத்து இறங்கினால்தான் சமம் வரும். சியூ, ஜெயின் என்ற இருவர் 1989இல் இதைக் கணிதமாகவே காட்டினார்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: வேகம் சமமாகப் பிரிவது, எல்லோரும் ஒரே மாதிரிக் கூட்டி ஏறி, வகுத்து இறங்குவதால். பிரித்துக் கொடுக்க யாரும் தேவையில்லை.

சமம் என்றால் எதற்குச் சமம்?

கமலா ரவி கணக்கில் இரண்டு விஷயங்களை நான் மறைத்துவைத்தேன். இருவருக்கும் ஒரே தூரம் என்று வைத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு இணைப்புத்தான் என்றும் வைத்துக்கொண்டேன். இரண்டும் வீட்டில் உண்மையாக இருப்பதில்லை.

தூரத்தை எடுங்கள். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து லண்டன் நேர்கோட்டில் சுமார் 8,700 கிலோமீற்றர். ஒரு பொதி போய் அதன் ஒப்புகை திரும்பிவர எடுக்கும் நேரத்துக்குச் சுற்று நேரம் என்று பெயர். லண்டனுக்கு அது 87 மில்லிசெக்கனுக்குக் குறைய முடியாது. கேபிள் வளைந்து சுற்றிப் போவதால் உண்மையில் இன்னும் கூட. பெரிய வீடியோ நிறுவனங்கள் பிரபலமான வீடியோக்களின் பிரதிகளை உள்ளூர் வலையமைப்புகளுக்குள்ளேயே வைத்திருக்கும். அங்கே போய்வரச் சில மில்லிசெக்கன் போதும். சுற்றுக்கு ஒரு பொதி என்பதுதானே விதி? கிட்ட இருப்பவருக்குச் சுற்று கெதியாக முடிகிறது, அவர் கெதியாக ஏறுகிறார். ஆகவே தம்பி பார்க்கும் சினிமாப் பாட்டு வழுக்கிக்கொண்டு ஓடும். லண்டனில் உள்ள சேவரில் (கோப்புகளை வைத்திருந்து அனுப்பும் கணினியில்) சித்தப்பா ஏற்றிவைத்த கலியாண வீடியோ ஊர்ந்து வரும். ஒரே வீடு, ஒரே லைன். கம்பனி ஓரவஞ்சனை செய்வதாகத் தோன்றும். தூரம்தான் செய்கிறது.

எண்ணிக்கையை எடுங்கள். 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தது நினைவிருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. பெற்றோல் செட்டில் நாள்கணக்கில் கிடந்த சனத்துக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் பங்கு ஆளுக்கு இல்லை, வாகனத்துக்கு. ஒரு வீட்டில் இரண்டு பேரின் பெயரில் இரண்டு கார் நின்றால் அந்த வீட்டுக்கு 40 லீற்றர். காரும் இல்லாமல் மோட்டார் சைக்கிளும் இல்லாமல் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

டி.சி.பி.யின் சமமும் இதே மாதிரித்தான். அது ஆட்களை எண்ணுவதில்லை, இணைப்புகளை எண்ணுகிறது. ஒரு கோப்பைப் பத்துத் துண்டாக்கிப் பத்து இணைப்பில் இழுக்கும் டவுன்லோட் மனேஜர், ஒரே இணைப்பில் பாடம் இறக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையுடன் ஒரே இடுக்கைப் பகிர்ந்தால், பதினொரு பங்கில் பத்து பங்கை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு இணைப்பும் விதியை ஒழுங்காகக் கைக்கொள்கிறது. முடிவு மட்டும் நியாயமாக இல்லை. 2007இல் பொப் பிரிஸ்கோ என்ற ஆய்வாளர் இதைக் கடுமையாகவே கேட்டார்: இணைப்புகளுக்கு இடையில் சமம் பார்ப்பது நியாயத்தின் அளவுகோலே அல்ல என்று. எனக்கும் அவர் பக்கம்தான் சரியாகப் படுகிறது. "நியாயமான பங்கு" என்று யாராவது சொன்னால், எதை எண்ணிச் சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

புதிய அல்கொரிதங்கள்

இதுவரை சொன்னது பழைய அடிப்படை வடிவம். இன்றைய சேவர்களில் அதன் வாரிசுகள் ஓடுகின்றன. பல சேவர்களில் ஓடும் இயங்குதளமான லினக்ஸ் 2006 முதல் இயல்பாகக் கொண்டுவருவது கியூபிக். பொதி தொலைந்தால் அது பாதியாக வெட்டுவதில்லை, 70 சதவீதத்துக்குத்தான் இறங்கும். ஏறுவதற்கும் சுற்றை எண்ணாமல், கடைசியாகப் பொதி தொலைந்து எவ்வளவு நேரமாயிற்று என்று பார்க்கும். இதனால் தூரத்தில் இருப்பவருக்குப் பழைய அநியாயம் கொஞ்சம் குறைகிறது.

2016இல் கூகுள் வெளியிட்ட பி.பி.ஆர். வேறு வழியில் போகிறது. தொலைவதைக் காத்திருந்து பார்க்காமல், பாதை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது, மிகக் குறைந்த சுற்று நேரம் எவ்வளவு என்று இரண்டையும் அளந்து, அதற்கேற்ற வேகத்தில் அனுப்புகிறது. ரவுட்டரின் வரிசை மிகச் சிறிதாக இருக்கும் இடங்களில் அதன் முதல் வடிவம் கியூபிக்கை நெருக்கித் தள்ளியது. பிந்திய வடிவங்களில் அதைத் திருத்தப் பார்க்கிறார்கள். ஒரே விதி எல்லோருக்கும் என்ற ஒப்பந்தம் தளர்ந்தால் கமலா ரவி கணக்குக் குலைந்துவிடும் என்பதற்கு இது உதாரணம்.

வேகம் இருக்கிறது, வகுப்பு மட்டும் விறைக்கிறது

இது வீடுகளில் அதிகம் நடப்பதும், மிகக் குறைவாக விளங்கிக்கொள்ளப்படுவதும். பிள்ளை சூம் வகுப்பில் இருக்கிறது. அதே நேரம் ஒருவரின் போன் படங்களையும் வீடியோக்களையும் மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்குகிறது. வகுப்பு விறைக்கிறது. பிறகு வேகச் சோதனை போட்டால் நல்ல எண் காட்டுகிறது.

பொதி தொலைந்தால்தான் வழமையான டி.சி.பி. அடங்கும் என்று பார்த்தோம். வரிசை நிரம்பினால்தான் பொதி தொலையும். வீட்டு ரவுட்டரில் வரிசைக்கு இடம் தாராளமாக இருந்தால்? நிரம்பும் வரைக்கும் அனுப்புபவர் அடங்கமாட்டார். பதிவேற்ற வேகம் செக்கனுக்கு 1 மெகாபிட் (10 இலட்சம் பிட்), வரிசை 250 கிலோபைட் பிடிக்கும் என்று வையுங்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால், 250 கிலோபைட் என்பது 20 இலட்சம் பிட். அது வெளியேற 2 செக்கன் வேண்டும். பிள்ளையின் குரல் இருக்கும் சின்னப் பொதி அந்த 2 செக்கன் வரிசையின் வாலில் போய் நிற்கிறது. சூம் போன்றவை நெரிசலைக் கவனிக்கத் தங்களுக்கென்று வேறு விதி வைத்திருக்கின்றன, ஆனாலும் அவற்றின் பொதிகளும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். பதிவிறக்கங்களுக்கான ஒப்புகைகளும் அதே வரிசையில் நிற்பதால், அவையும் சேர்ந்து தளர்கின்றன.

இதற்கு வரிசை வீக்கம் என்று சொல்லலாம். கூடிய வேகப் பக்கேஜ் இதைக் குறைக்கலாம், தீர்க்காது. தீர்க்க வரிசையைத்தான் சரிசெய்ய வேண்டும். கேத்லீன் நிக்கல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் 2012இல் ஒரு முறை சொன்னார்கள்: பொதி எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறது என்று பார், தொடர்ந்து 5 மில்லிசெக்கனுக்கு மேல் நிற்கத் தொடங்கினால் நிரம்பும்வரை காத்திராமல் ஒன்றிரண்டை எறி. அனுப்புபவர் நேரத்தோடு அடங்கிவிடுவார். அதோடு ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைத்து முறை முறையாக எடுத்தால், பெரிய பதிவேற்றத்துக்குப் பின்னால் குரல் மாட்டிக்கொள்ளாது.

உங்கள் வீட்டில் பார்க்க

கணினியில் பிங் கட்டளையை (சுற்று நேரத்தை அளந்து காட்டுவது) ஓடவிட்டு மில்லிசெக்கனைக் கவனியுங்கள். பிறகு பெரிய வீடியோ ஒன்றை ஏற்றத் தொடங்குங்கள். 30இல் நின்ற எண் 800, 1,500 என்று பாய்ந்தால் குற்றம் வரிசையில் இருக்கிறது. கொஞ்சம்தான் கூடினால் வேறு காரணம் தேட வேண்டும்.

ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள் ரவுட்டர் அமைப்புகளில் எஸ்.கியூ.எம். என்று, வரிசையை வீங்கவிடாமல் அடக்கிவைக்கும் வசதி ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை இயக்கி, அளந்த வேகத்தில் 90 சதவீதம் அளவைக் கொடுங்கள். பத்து சதவீதத்தை விட்டுக்கொடுப்பது ஏனென்றால், அப்போதுதான் இடுக்கு உங்கள் ரவுட்டருக்குள் வரும். வரிசையும் நீங்கள் ஆளக்கூடிய இடத்தில் நிற்கும். 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது அவ்வளவு பொருந்தாது. கோபுரம் தரும் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் நிலையான ஒரு எண்ணைக் கொடுக்க ஏலாது. அந்த வீடுகளில், போனின் படச் சேமிப்பை வகுப்பு நேரத்தில் நிறுத்திவைத்து, எல்லோரும் படுத்த பிறகு ஓடவிடுவதுதான் இப்போதைக்கு வேலை செய்கிற வழி.